விளக்கை வாங்குமுன் 'டிரைவரை'ப் பாருங்கள்

மாலை ஆறரை மணி. கடையில் கூட்டம் நிற்கும் நேரம். திடீரென்று மின்சாரம் போகிறது. எமர்ஜென்சி விளக்கைப் போடுகிறோம். முதலில் கண்ணைக் கூசும் வெளிச்சம். நேரம் ஆக ஆக மங்குகிறது. ஒரு மணி நேரத்தில் சீரகத்துக்கும் சோம்புக்கும் வித்தியாசம் தெரியாத நிலை. பக்கத்துக் கடையிலோ அதே அளவு பேட்டரி உள்ள இன்னொரு விளக்கு மூன்று மணி நேரமாக ஒரே சீராக எரிகிறது. இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டிலும் இருப்பது எல்.இ.டி. விளக்குதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு?

விடை, விளக்கின் உள்ளே தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு சிறு பலகையில் இருக்கிறது. அதற்கு 'டிரைவர்' என்று பெயர். விளக்குக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பதை ஓட்டுநர்போல் இருந்து நடத்துவதால் இந்தப் பெயர் வந்தது. நாம் கடைக்கு விளக்கு வாங்குகிறோம். நம்மில் பலர் மளிகையோடு சேர்த்து எல்.இ.டி. பல்பும், டார்ச்சும், எமர்ஜென்சி விளக்கும் விற்கவும் செய்கிறோம். ஆகவே இந்த டிரைவரைப் பற்றித் தெரிந்துகொள்வது எலெக்ட்ரீஷியன்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. நம் பணமும் பெயரும் இதில் அடங்கியிருக்கின்றன.

திருமழிசை கண்ட இரவு வியாபாரம்

வெளிச்சத்தின் அருமையைத் திருமழிசைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டபோது, காய்கறி மொத்த வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்கு வந்தது. செப்டம்பர் இறுதியில் கோயம்பேடு திரும்பவும் திறக்கும்வரை, திறந்தவெளியில் தகரக் கொட்டகைகளின் கீழ் வியாபாரம் நடந்தது. காய்கறி மொத்த வியாபாரம் இரவிலும் விடியற்காலையிலும் நடப்பது. தக்காளி பழுத்ததா, அடிபட்டதா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும். தராசு எண்ணைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். எண்ணி வாங்கும் நோட்டைப் பார்க்கவும் வெளிச்சம் வேண்டும்.

அதற்கு முன்பும் நாம் இருட்டைப் பார்த்தவர்கள்தாம். 2012-இல் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு இருந்தது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபின், சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் கடையைத் திறந்து வைத்தவர்களுக்குப் பேட்டரி விளக்கே துணை. இன்று பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் பழவண்டி நிறுத்தியிருப்பவர்களுக்கும் அதுவே துணை.

எல்.இ.டி. என்பது குண்டு பல்பு அல்ல

குண்டு பல்பில் இருப்பது ஒரு கம்பி. வோல்ட் சற்றுக் கூடினால் கொஞ்சம் பிரகாசிக்கும். குறைந்தால் மங்கும். எவ்வளவு கொடுத்தாலும் ஒருவாறு சமாளிக்கும். எல்.இ.டி.யின் குணம் வேறு. வெள்ளை எல்.இ.டி. ஒன்று ஏறத்தாழ 3 வோல்ட்டில் எரியும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் எரியவே எரியாது. அந்த 3 வோல்ட்டுக்கு மேல் ஒரு வோல்ட்டில் பத்தில் இரண்டு பங்கு கூடினாலே, உள்ளே பாயும் கரண்ட் இரண்டு மடங்காகிவிடக் கூடும். கரண்ட் மிஞ்சினால் சூடு. சூடு மிஞ்சினால் ஆயுள் குறையும். ஆகவே எல்.இ.டி.க்குக் கணக்காகக் கொடுக்க வேண்டியது கரண்ட்டே. வோல்ட்டேஜ் அதற்கேற்ப அமைந்துகொள்ளும்.

இந்த 3 வோல்ட் கணக்கின் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் 1962-இல் செய்து காட்டினார். அதற்கு 2 வோல்ட் அளவே போதும். நம் எலெக்ட்ரானிக் தராசுகளில் சிவப்பு எண்களாக எரிவது இந்த வகைதான். நீல எல்.இ.டி.க்கு அதிகச் சக்தி வேண்டும். அதைப் பிரகாசமாக எரியவைக்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் இதற்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சள் நிறம் தரும் பாஸ்பர் பூச்சைப் பூசினால் கிடைப்பதே நாம் இன்று பயன்படுத்தும் வெள்ளை ஒளி.

மலிவு விளக்கில் நடப்பது என்ன?

இப்போது வரும் பெரும்பாலான சிறு எமர்ஜென்சி விளக்குகளில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. முழு சார்ஜில் 4.2 வோல்ட், நடுவில் 3.7 வோல்ட், தீரும் நேரத்தில் 3 வோல்ட் என்பது அதன் கணக்கு. மலிவு விளக்கில் இந்தப் பேட்டரிக்கும் எல்.இ.டி.க்கும் நடுவே ஒரு சிறிய ரெசிஸ்டரை வைத்துவிடுவார்கள். வேறு டிரைவர் கிடையாது.

பேட்டரி நிறைந்திருக்கும்போது வோல்ட் அதிகம். எனவே கரண்ட்டும் அதிகம், வெளிச்சமும் அதிகம். கடையில் போட்டுக் காட்டும்போது வாங்குபவருக்குத் திருப்தியாக இருக்கும். பேட்டரி 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது, பாயும் கரண்ட் ஆரம்பத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விடும். முதலில் தேவைக்குமேல் செலவழித்துவிட்டுக் கடைசியில் பட்டினி கிடக்கும் குடும்பம் போலத்தான் இதுவும்.

ஓட்டம் கொடுத்து மேடேற்றும் வித்தை

நல்ல விளக்கில் என்ன செய்கிறார்கள்? நான்கு எல்.இ.டி.களை ஒன்றன்பின் ஒன்றாகச் சரம்போல் இணைக்கிறார்கள். ஒரே சரமானதால் நான்கிலும் ஒரே அளவு கரண்ட் பாயும். ஒன்று பிரகாசம், ஒன்று மங்கல் என்ற பேச்சு இல்லை. ஆனால் நான்கு மூன்று பன்னிரண்டு. சரத்துக்கு 12 வோல்ட் வேண்டும். கையில் இருப்பதோ 3 முதல் 4 வோல்ட் பேட்டரி. இதை உயர்த்தித் தரும் அமைப்புக்குத்தான் 'பூஸ்ட் கன்வெர்ட்டர்' என்று பெயர்.

நமக்குத் தெரிந்த வேலை ஒன்றை நினைத்துக்கொள்வோம். கடை வாசலில் சரிவுப் பலகை போட்டு, மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியை உள்ளே கொண்டுபோக வேண்டும். பலகையின் அடியில் நிறுத்திவைத்துத் தள்ளினால் ஏறாது. பத்தடி பின்னால் இழுத்துவந்து, ஓட்டமாகத் தள்ளி வேகம் பிடிக்கவைத்தால், அந்த வேகமே வண்டியை மேட்டில் ஏற்றிவிடும். ஏறியவுடன் திரும்ப உருண்டுவிடாமல் சக்கரத்தின் அடியில் ஒருவர் கல் வைப்பார்.

பூஸ்ட் கன்வெர்ட்டரில் நடப்பதும் இதுவே. அதில் ஒரு காயில், ஒரு மின்னணு சுவிட்ச், ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர் ஆகிய நான்கும் முக்கியம். சுவிட்ச் மூடியவுடன் பேட்டரியிலிருந்து காயிலுக்குள் கரண்ட் பாய்ந்து வேகம் பிடிக்கிறது. அடுத்த கணம் சுவிட்ச் திறக்கிறது. ஓடிய வண்டி சட்டென்று நிற்காததுபோல், காயிலில் ஓடும் கரண்ட்டும் சட்டென்று நிற்க மறுக்கிறது. எப்படியாவது ஓடுவதற்காகக் காயில் தானாக ஒரு வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. அது பேட்டரியின் வோல்ட்டேஜோடு சேர்ந்துகொள்ள, 12 வோல்ட் மேடு ஏறப்படுகிறது. டயோடு என்பது சக்கரத்தின் அடியில் வைத்த கல். ஒருவழிப் பாதையாக இருந்து, ஏறியதைத் திரும்ப விடாது. கெப்பாசிட்டர் என்பது கிடங்கு. விட்டுவிட்டு வரும் சரக்கை வாங்கிவைத்துச் சரத்துக்குச் சீராக வழங்கும். இந்தத் திறப்பும் மூடலும் ஒரு விநாடிக்கு லட்சக்கணக்கான முறை நடக்கின்றன.

கணக்கும் எளிதுதான். பேட்டரி 4 வோல்ட்டில் இருக்கும்போது அதை மூன்று மடங்காக்க வேண்டும். நேரத்தை மூன்று பங்காக்கினால் இரண்டு பங்கு சுவிட்ச் மூடியிருக்கும், ஒரு பங்கு திறந்திருக்கும். பேட்டரி 3 வோல்ட்டுக்கு இறங்கினால் நான்கு மடங்காக்க வேண்டும். அப்போது நான்கில் மூன்று பங்கு நேரம் மூடியிருக்கும். சரக்கு வரத்து குறையக் குறைய, ஓட்டத்துக்கு அதிக நேரம் கொடுத்துச் சமன்செய்கிறது டிரைவர்.

எப்போது எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்? சரத்தின் முடிவில் ஒரு சிறு ரெசிஸ்டர் இருக்கும். அதுதான் டிரைவரின் தராசு. பாயும் கரண்ட் அதில் தெரியும். குறைந்தால் ஓட்டத்தைக் கூட்டும், கூடினால் குறைக்கும். பேட்டரி நிறைந்திருந்தாலும் வற்றினாலும் விளக்கு ஒரே சீராக எரிவதன் ரகசியம் இதுவே.

லாபமா, நஷ்டமா?

3 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்கினால் மின்சாரம் நான்கு மடங்காகிவிட்டதா என்று சிலர் கேட்கலாம். இல்லை. பத்து ரூபாய் நோட்டு ஐந்தைக் கொடுத்து ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை வாங்குகிறோம். தாள் குறைந்தது, மதிப்பு கூடவில்லை. வோல்ட் உயர்ந்தால் அதற்கேற்பக் கரண்ட் குறையும். மாற்றித் தருபவருக்கு ஒரு கமிஷனும் உண்டு. நல்ல டிரைவர் நூற்றுக்கு 10 முதல் 15 வரை எடுத்துக்கொள்ளும். அது சூடாகப் போகும்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். 12 வோல்ட் சரத்தில் 150 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 1.8 வாட். கமிஷனையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 2.1 வாட் எடுக்கும். 2000 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 7.4 வாட்-மணி. வகுத்தால் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். மூன்றரை மணியும் ஒரே வெளிச்சம்.

இதில் வாடிக்கையாளருக்கு நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பேட்டரி இறங்க இறங்க, இந்த டிரைவர் அதிலிருந்து அதிகக் கரண்ட் இழுக்கும். 4 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுப்பது, 3 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி அடிமட்டம்வரை வற்றினால் கெட்டுவிடும். ஆகவே ஒரு எல்லை வந்ததும் நல்ல விளக்கு தானாக அணைந்துவிடும். 'நன்றாக எரிந்துகொண்டே இருந்தது, திடீரென்று நின்றுவிட்டது' என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால், உடனே பழுது என்று எண்ண வேண்டாம். சார்ஜ் போட்டுப் பாருங்கள். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அது அணைந்திருக்கும்.

வெளிச்சத்தைக் குறைக்கும் முறை

விளக்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் பாதியாகிறது. இதை இரண்டு வழிகளில் செய்யலாம். ஒன்று, கரண்ட்டையே பாதியாக்குவது. இது எளியது. ஆனால் மிகவும் குறைக்கும்போது எல்.இ.டி.யின் நிறம் சற்று மாறக்கூடும். மற்றொன்று, முழுக் கரண்ட்டையே கொடுத்து, விளக்கை விநாடிக்குப் பலநூறு முறை அணைத்து அணைத்து எரியவைப்பது. எரியும் நேரமும் அணைந்த நேரமும் சமமானால் பாதி வெளிச்சம். எரியும் நேரம் கால் பங்கானால் கால் வெளிச்சம். நம் கண் அவ்வளவு வேகத்தைப் பின்தொடராது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒளியாகப் பார்க்கிறது. நிறமும் மாறுவதில்லை.

இது புதிய வித்தை அன்று. உங்கள் தராசின் சிவப்பு எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிவதாக நினைக்கிறோம். பெரும்பாலான தராசுகளில் ஓர் இலக்கம் மாற்றி ஓர் இலக்கமாகத்தான் எரிகிறது. வேகத்தில் நமக்குத் தெரிவதில்லை. செல்போன் கேமராவைத் தராசின்மேல் காட்டினால், சில எண்கள் துண்டுபட்டுத் தெரிவதைப் பார்க்கலாம்.

பாதி வெளிச்சத்தில் வைத்தால், மூன்றரை மணி எரிந்த விளக்கு கிட்டத்தட்ட ஏழு மணி வரை தாக்குப்பிடிக்கும். பாதி ஒளி நம் கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை. முக்கால் பங்கு இருப்பதுபோலவே தோன்றும். தள்ளுவண்டி வியாபாரிகளுக்கு இது கைகண்ட சிக்கனம். கூட்டம் உள்ள நேரத்தில் முழு வெளிச்சம், எட்டரை மணிக்குமேல் பாதி வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சார்ஜில் இரவு வியாபாரத்தை முடித்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. அணைத்து எரிக்கும் வேகம் மிகக் குறைவாக உள்ள விளக்கில் கண் களைக்கும், சிலருக்குத் தலை வலிக்கும். சுழலும் இயந்திரம் நின்றுவிட்டதுபோலவோ மெதுவாகச் சுற்றுவதுபோலவோ பொய்த்தோற்றம் தரவும் கூடும். மாவு மில் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சோதிக்கும் வழி எளிது. செல்போன் கேமராவை விளக்கின் அருகே காட்டுங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால், அந்த விளக்கை வேலை நடக்கும் இடத்தில் மாட்ட வேண்டாம்.

வீட்டு மின்சாரத்தில் எரியும் பல்பு

இதுவரை சொன்னது பேட்டரி விளக்கு. 230 வோல்ட்டில் எரியும் பல்பில் பெரும்பாலும் கதை தலைகீழ். அங்கே வருவது அதிக வோல்ட். ஆகவே இறக்கித் தரும் டிரைவர் வேண்டும். ஆனால் கொள்கை ஒன்றே. கரண்ட்டை அளந்து கொடுக்கும் டிரைவர் உள்ள பல்பு, வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் நம் புறநகரிலும் தாக்குப்பிடிக்கும். வெறும் கெப்பாசிட்டரையும் ரெசிஸ்டரையும் வைத்து முடித்த பல்பு, வோல்ட்டேஜ் ஏறும்போதெல்லாம் அடிவாங்கும்.

மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரி 5-ஆம் தேதி தொடங்கியது. அதன் மூலம் 36 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டன. மொத்தக் கொள்முதலில் 2014-இல் 310 ரூபாயாக இருந்த பல்பு, 2016-இல் 38 ரூபாய்க்கு வந்தது. விலை இறங்கியது நன்மையே. ஆனால் விலை இறங்கிய பொருளில் போலியும் கூடவே நுழையும் என்பது நம் வியாபாரிகளுக்குத் தெரியாததா?

பழைய மின்விசிறி ரெகுலேட்டர்போல் திருகும் டிம்மரில் சாதாரண எல்.இ.டி. பல்பை மாட்டாதீர்கள். டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் அச்சிட்ட பல்பை மட்டுமே மாட்டலாம். மற்றவை மினுக்கும், சீக்கிரம் கெடும். தகரக் கூரையை ஒட்டியோ, காற்று நுழையாத மூடிய கண்ணாடிக்குள்ளோ பல்பை வைக்காதீர்கள். டிரைவரில் உள்ள கெப்பாசிட்டருக்குச் சூடுதான் எமன். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. பல்பு போய்விட்டது என்று நாம் எறிவதில் பலவற்றில் எல்.இ.டி. நன்றாகவே இருக்கும், டிரைவர்தான் செத்திருக்கும்.

ரிப்பேர் செய்பவர்களுக்கு

ரிச்சி தெருவில் டிரைவர் பலகைகள் தனியாகவே கிடைக்கின்றன. வாங்கி மாற்றிக் கொடுக்கும் நண்பர்கள் இரண்டை மனத்தில் கொள்ள வேண்டும். ஒன்று, சரத்தைக் கழற்றிவிட்டு பூஸ்ட் டிரைவரை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். போக இடமில்லாத கரண்ட்டுக்காக அது வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். அதைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லாத பலகை அந்த இடத்திலேயே வெடித்துவிடும். இரண்டு, சரம் ஷார்ட் ஆனால், சுவிட்ச் ஓடாவிட்டாலும் காயில், டயோடு வழியாகப் பேட்டரியின் கரண்ட் நேராகப் பாயும். ஆகவே பேட்டரி பக்கம் ஒரு பியூஸ் அவசியம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கடையே போய்விடும்.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு

சில மின்னணுப் பொருட்களை இந்தியத் தர நிர்ணய அமைப்பில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2012-இல் ஆணை பிறப்பித்தது. எல்.இ.டி. பல்புகளும் டிரைவர்களும் பின்னர் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பல்புக்கு உரிய தரம் ஐ.எஸ். 16102. தனியே வரும் டிரைவருக்கு ஐ.எஸ். 15885. அட்டையிலும் பொருளிலும் இந்தத் தர எண்ணும், 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்பதை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் கடையில் இருந்தபடியே பார்த்துவிடலாம்.

இன்னொன்று, நம்மை நேரடியாகத் தொடுவது. 2020 ஜூலை 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளால் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உள்ளது. அதன் 86-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றால், அதனால் நேரும் தீங்குக்கு விற்றவர் பொறுப்பாக நேரிடும். தயாரிப்பாளர் சொல்லாத உத்தரவாதத்தை நாமாக வாய்விட்டுச் சொல்லி விற்றாலும் அதேதான். பெயரில்லாத பெட்டியில் வரும் விளக்கை 'ஒரு வருஷம் கேரண்டி, நான் இருக்கிறேன்' என்று சொல்லி விற்பது எவ்வளவு ஆபத்து என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே சரக்கு எடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இருக்கின்றனவா? பதிவு எண் இருக்கிறதா? பில் கொடுக்கிறார்களா? மாதிரிக்கு ஒரு விளக்கை எடுத்து முழு சார்ஜில் போட்டால், இரண்டு மணி நேரம் கழித்தும் அதே வெளிச்சம் இருக்கிறதா? கடைசிச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். நம் கண்ணும் கடிகாரமும் போதும்.

பெட்டிக்கு ஐந்து ரூபாய் லாபம் கூடுகிறது என்று தெரியாத சரக்கை எடுத்து, பத்து வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவது வியாபாரம் ஆகாது. மின்சாரம் போன இரவில் நம் கடையில் வாங்கிய விளக்கு ஒரு வீட்டில் கடைசிவரை எரிந்தால், அந்த வீட்டார் மறுநாள் அரிசிக்கும் பருப்புக்கும் நம் கடைக்கே வருவார்கள்.